ஒற்றைக் காலில் நிற்கக் கற்ற வருடம்

கோச் தன் போனை என்னிடம் நீட்டி, வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மொத்தம் பத்து நொடிதான். ஐஸ் ஹாக்கி மைதானத்தை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு நீலக்கோடுகளில் ஒன்றை நான் தாண்டி வருகிறேன். ஸ்டிக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருக்கிறேன், தலை குனிந்திருக்கிறது, கால்கள் வேகவேகமாக அடித்துக்கொள்கின்றன. "இதுல எங்கயாவது ஒரு கால்ல மட்டும் நிக்கிறீங்களா, பாருங்க" என்றார். ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தேன். எங்கும் இல்லை. ஒரு கால் ஐஸை விட்டுக் கிளம்பிய கணத்திலேயே பதறிக்கொண்டு திரும்ப இறங்கிவிடுகிறது. "நீங்க இன்னும் ஐஸ் மேல நடந்துட்டுதான் இருக்கீங்க. ஒரு கால்ல நிக்கப் பழகுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அப்போது எனக்கு 34 வயது. ஐஸ் ஹாக்கி ஆட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஷாட் அடிக்கவும், பக் எனும் ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு போகவும்தான் நேரம் செலவழித்தேன். வேகம் வரவில்லையே என்று கவலைப்பட்டு, கால்களை இன்னும் வேகமாக அடித்தேன். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு ஒரு வருடம் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஸ்கேட்டிங்கை மட்டும் திருத்தினேன். அதில் எனக்குப் பலன் தந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பெரியவரான பிறகு இந்த ஆட்டத்துக்கு வருபவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஸ்கேட். நான் வீணாக்கிய நான்கு மாதத்தில் பாதிக்கு அதுதான் காரணம். வழக்கமாகப் போடும் செருப்பின் அளவிலேயே, தடித்த சாக்ஸும் சேர்த்துப் போடலாம் என்று வாங்கியிருந்தேன். ஹாக்கி ஸ்கேட் பொதுவாக நாம் போடும் ஷூவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்க மூடியை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து, விரல் கொஞ்சம் விலக வேண்டும். எந்த நிலையிலும் குதிகால் எழும்பக் கூடாது. என் குதிகால் உள்ளே தாராளமாக ஏறி இறங்கியது. அதனால்தான் கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தன. "கணுக்கால்ல பலம் இல்லை" என்று பலர் சொன்னதை நம்பி அதற்கெனத் தனிப் பயிற்சிகூடச் செய்தேன். சரியான அளவில் மெல்லிய சாக்ஸோடு போட்ட அன்றே பாதிச் சாய்வு போய்விட்டது. லேஸைக் கட்டும்போது விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், பாதத்தின் வளைவிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமாகவும் கட்டுகிறேன். மேலே கடைசித் துளையை விட்டுவிடுகிறேன். முழங்கால் முன்னால் மடங்க அந்த இடம் தேவைப்படுகிறது.

அடுத்தது சாணை. ஹாக்கி பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு இழைத்திருப்பார்கள், அதன் இரண்டு ஓரங்கள்தான் உள் விளிம்பும் வெளி விளிம்பும். அந்தக் குழிவை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். எண் சிறியதானால் குழிவு ஆழம், ஐஸை நன்றாகக் கவ்வும். எண் பெரியதானால் குழிவு குறைவு, நன்றாக வழுக்கும். நிறைய பேர் 1/2 அங்குலத்தில் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். எனக்கு உடம்பு எடை கொஞ்சம் அதிகம். பிளேடு ஐஸில் அளவுக்கு மீறிக் கவ்வியதால் நிற்கப் போகும்போதெல்லாம் தூக்கி எறியப்பட்டேன். 5/8 அங்குலத்துக்கு மாறியதும் பிளேடு பக்கவாட்டில் சறுக்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் இதே அளவு சரிவரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கவே முடியவில்லை என்றால் குறையை உங்கள் காலில் மட்டும் தேடாதீர்கள், சாணை பிடிப்பவரிடம் குழிவின் அளவையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சாணை பிடித்து வாங்கியதும் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்காக வையுங்கள். நாணயமும் பிளேடும் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை என் இடது பிளேடில் நாணயம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு விளிம்பு உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இழைக்கப்பட்டிருந்தது. மூன்று வாரமாக இடது வெளி விளிம்பு பிடிக்கவே இல்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன், பாதித் தவறு இரும்பில் இருந்தது. அன்றிலிருந்து நாணயம் வைத்துப் பார்க்காமல் ஐஸில் இறங்குவதில்லை. ஆடி முடித்ததும் பிளேடைத் துணியால் துடைத்துத் துணியுறை போடுகிறேன். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் விட்டால் துருப்பிடித்து விளிம்பு போய்விடும்.

சரி, இனி உடம்புக்கு வருவோம். "முட்டியை மடக்குங்க" என்று புதிதாக வருபவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள். நானும் மடக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். மடங்கியது முட்டி இல்லை, இடுப்பு. கால் இரண்டும் கம்பு மாதிரி நிற்க, முதுகு மட்டும் முன்னால் வளைந்திருந்தது. சரியாக மடக்கினால் கணுக்காலும் சேர்ந்து மடங்கும், ஸ்கேட்டின் நாக்குப் பகுதியைக் கால் எலும்பு அழுத்துவது தெரியும். குனிந்து பார்த்தால் முட்டி உங்கள் கால்விரலை மறைத்திருக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்து, எதிரே நிற்பவர் உங்கள் சட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க முடிய வேண்டும். இவ்வளவு தாழ்வாக எதற்கு? நேராக நிற்கிற காலுக்குத் தள்ள எதுவும் மிச்சமில்லை. மடங்கியிருக்கிற கால் மட்டும்தான் நீண்டு தள்ள முடியும். எவ்வளவு மடக்குகிறோமோ அவ்வளவு நீளமான உந்துதல் கிடைக்கும்.

இந்த நிலையில் தொடை எரியும். ஆட்டத்தில் ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை களமிறங்கி ஆடிவிட்டு வெளியே வரும் நேரம், சுமார் 45 நொடி போகும் என்பதால், வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 நொடி இருந்து பழகினேன். இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி 45 நொடி.

இப்போது ஒற்றைக் கால். கோச் சொன்னதைக் கேட்டதும் இது ஏதோ சிறுபிள்ளைப் பயிற்சி என்றுதான் எனக்குத் தோன்றியது. செய்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்கேட்டிங்கில் எல்லாமே ஒற்றைக் கால் வேலைதான். முன்னோக்கிப் போகும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் தள்ளும்போது மற்றது தனியாக உடம்பைச் சுமக்கிறது. வளைவில் காலைக் குறுக்கே மாற்றிவைத்துப் போகும் கிராஸ்ஓவரில், ஒரு கால் மற்றதைத் தாண்டும் நேரம் முழுவதும் கீழே இருப்பது ஒரே கால். அந்தக் கால் உறுதியாக இல்லாவிட்டால், தூக்கிய கால் அவசரமாக இறங்கிவிடும். என் வேகமெல்லாம் அங்கேதான் செத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் காலையில் பல் துலக்கும்போது வெறுங்காலோடு ஒற்றைக் காலில், முட்டியை மடக்கியபடி நிற்பேன். ஒரு காலுக்கு ஒரு நிமிடம். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு. ஐஸில் நீலக்கோட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் அளவில் அமைந்த ரிங்கில் (ஐஸ் மைதானத்தில்) ஒரு நீலக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 50 அடி. நாலைந்து முறை காலால் தள்ளி வேகம் எடுத்து, முதல் நீலக்கோட்டில் ஒரு காலைத் தூக்கி, அடுத்த நீலக்கோடு வரை அப்படியே போக வேண்டும். முதல் நாள் மூன்று அடிகூடப் போகவில்லை. தூக்கிய காலின் பக்கமே உடம்பு விழுந்தது. கோச் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: மூக்கு, முட்டி, கால்விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நான் இடுப்பை நடுவிலேயே வைத்துக்கொண்டு காலை மட்டும் தூக்கியிருக்கிறேன். உடம்பு முழுவதையும் நிற்கும் காலின் மேல் கொண்டுபோய் வைத்த பிறகு, தூக்குகிற கால் தானாக எழும்பியது. வலது காலில் 50 அடியைத் தாண்ட ஆறு வாரம் ஆனது. இடது காலுக்கு அதற்கு மேலும் ஒரு மாதம்.

அப்புறம் விளிம்புகள். உள் விளிம்பில் சாய்வது யாருக்கும் சீக்கிரம் வரும், விழுந்தால் தாங்க மற்ற கால் அந்தப் பக்கம் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். வெளி விளிம்பில் சாயும்போது அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் காற்றில் சாய்கிற மாதிரி இருக்கும். நான் அதை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. ஹாக்கியில் இறுக்கமான திருப்பம் எல்லாமே ஒரு காலின் வெளி விளிம்பில்தான் நிற்கிறது.

அதற்குப் பழகியது இப்படி. ஐஸ் புதுப்பிக்கும் ஸாம்போனி வண்டி மேற்பரப்பைச் சுரண்டி, வெந்நீர் விட்டு மெழுகிவிட்டுப் போன உடனே முதல் ஆளாக இறங்குவேன். 1949இல் ஃபிராங்க் ஸாம்போனி உருவாக்கிய இந்த வண்டிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லாத அந்தக் கண்ணாடிப் பரப்பில் நம் தடம் அப்படியே எழுதப்படும். நடுக்கோட்டை அச்சாக வைத்து, இடது வெளி விளிம்பில் ஓர் அரைவட்டம், வலது வெளி விளிம்பில் ஓர் அரைவட்டம் என்று போவேன். பிறகு திரும்பிவந்து குனிந்து தடத்தைப் பார்ப்பேன். இரண்டு மெல்லிய கோடுகள் அருகருகே ஓடினால் பிளேடு தட்டையாகத்தான் போயிருக்கிறது, சாய்ந்ததாக நான் நினைத்தது வெறும் தோள் சாய்வு. ஒரே ஒரு கோடு சுத்தமாக வளைந்தால்தான் விளிம்பு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. இடது பக்கத்தில் முதல் முறையாக அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபோது கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தேன். மயிரிழை அளவு பள்ளம், இரண்டு ஆள் நீளத்துக்கு. அன்று வேறு எதுவும் செய்யாமல் அரைமணி நேரம் அதையே வரைந்துகொண்டிருந்தேன்.

ஒற்றைக் கால் நிலைத்ததும் முன்னோக்கி ஓடுவது பெருமளவு தானாகத் திருந்தியது. இருந்தாலும் இரண்டு திருத்தங்களைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. ஒன்று, தரையில் ஓடுவதுபோலக் காலைப் பின்னால் உதைத்துக்கொண்டிருந்தேன். ஐஸில் பின்னால் உதைத்தால் பிளேடு வழுக்கிப் போகும். பக்கவாட்டில், உள் விளிம்பால், முட்டி முழுதாக நீளும்வரை தள்ள வேண்டும். கடைசியில் பெருவிரல் பக்கம் ஒரு சின்ன அழுத்தம். இரண்டாவது, தள்ளி முடித்த கால் திரும்பி வரும்போது உடம்புக்கு நேர் கீழே வர வேண்டும், அடுத்த கால் அங்கிருந்துதான் தள்ளத் தொடங்கும். என் கால்கள் எப்போதும் தோள் அகலத்தில் விரிந்தே இருந்ததால், தள்ள மிச்சம் இருந்தது அரை அடிதான். இதற்கு நான் பயன்படுத்தியது காதை. சரியான உந்துதலில் ஐஸ் கிழிபடும் 'சர்ர்க்' என்ற ஆழமான சத்தம் ஒரு முறை வரும், பிறகு அமைதி. தவறாகத் தள்ளினால் கரகரவென்று உரசும் சத்தம் தொடர்ந்து கேட்கும். ரிங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 200 அடி. அதை எத்தனை உந்துதலில் கடக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். வேகத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் குறி.

நிற்பதைக் கற்பதற்குத் தைரியம்தான் அதிகம் வேண்டும். நிற்கத் தெரியாதவர் வேகமாகப் போகவே மாட்டார், அவரை அறியாமலேயே கால் தயங்கும். நான் சுற்றுப்பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் ஐஸின் மேல் பக்கவாட்டில் தேய்த்துப் பனித்தூள் எடுத்துப் பழகினேன். பிளேடை அழுத்திக் குத்தாமல், பரப்பை இலேசாகச் சீவ வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னக் குவியல் சேரும். அந்த அழுத்தம் காலுக்குப் பழகிய பிறகு மெதுவாக நகர்ந்தபடி ஒரு காலால், பிறகு இரண்டு காலாலும். இரண்டு பிளேடையும் குறுக்கே திருப்பிச் சட்டென நிற்கும் ஹாக்கி ஸ்டாப்பில் எனக்கு விடுபட்டிருந்த சூட்சுமம், திரும்புவதற்குச் சற்று முன் உடம்பை இலேசாக மேலே எழுப்புவது. அந்த நொடியில் பிளேடின் மேல் எடை குறையும், இடுப்பும் காலும் எளிதாகக் குறுக்கே திரும்பும், உடனே முட்டியை மடக்கி எடையை இறக்க வேண்டும். எழும்பாமல் திருப்பினால் விளிம்பு மாட்டிக்கொண்டு கவிழ்த்துவிடும். உங்களுக்கு வராத பக்கத்தை முதலில் செய்யுங்கள். பயிற்சி தொடங்கும்போது கால் களைக்காமல் இருக்கும். நான் வலது பக்கம் நோக்கி நிற்பதை ஒன்று செய்தால், இடது பக்கம் மூன்று செய்தேன்.

கிராஸ்ஓவர் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது. பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃப் வட்டத்தின் ஆரம் 15 அடி, அதைச் சுற்றித்தான் பழகுவோம். எல்லோரும் மேலே தாண்டுகிற காலைப் பார்க்கிறார்கள். வேகம் வருவது கீழே இருக்கிற காலில். வெளிக் கால் உள்காலைத் தாண்டி இறங்கும் நேரத்தில், உள்கால் தன் வெளி விளிம்பால் உடம்புக்கு அடியில், வட்டத்துக்கு வெளிப்பக்கமாகத் தள்ளி நீள வேண்டும். இந்த இரண்டாவது உந்துதல் இல்லாவிட்டால் அது காலை மாற்றி வைப்பது மட்டும்தான். கானர் மெக்டேவிட் என்ற வீரர், என்ஹெச்எல் நட்சத்திர வீரர்கள் கூடும் ஆல்ஸ்டார் நிகழ்வின் வேகப் போட்டியை 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டும் வென்றார். அந்த ஓட்டங்களை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். வளைவுகளில் மற்றவர்கள் வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும் இடத்தில் அவர் கிராஸ்ஓவர் போட்டு வேகத்தைக் கூட்டுகிறார். நான் செய்தது: உள்காலை அடியில் தள்ளி நீட்டிவிட்டு, அந்த நிலையிலேயே இரண்டு நொடி நிற்பது. தாண்டிய காலின் மேல் ஒற்றைக் காலில்! நிற்க முடிந்தால் அடுத்த கிராஸ்ஓவர், முடியாவிட்டால் முட்டியை இன்னும் மடக்கி அதையே மறுபடியும்.

பின்னோக்கிப் போவதற்கு நான் அதிகம் கஷ்டப்படவில்லை. நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாலும் ஐஸில் ஓர் அரைவட்டம் செதுக்க வேண்டும். கண் எதிரே இருக்க வேண்டும். காலைப் பார்த்தால் எடை விரலுக்குப் போய் முன்னால் கவிழ்ந்துவிடுவோம்.

இதெல்லாம் ஓரளவு வந்த பிறகு ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன், பாதி மறந்துபோனது. இது எல்லோருக்கும் நடக்கும். ஸ்டிக் மூன்றாவது காலாக மாறி, எடை அதன் மேல் சாய்கிறது. அதனால் முதலில் ஸ்டிக்கை மேல் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு அதே பயிற்சிகளைச் செய்தேன், பிறகு இரண்டு கையாலும், கடைசியாகத்தான் பக். பக் வந்ததும் கண் கீழே இறங்கும், முட்டி நேராகும். அப்போது பக்கை விட்டுவிட்டு ஒரு சுற்று வெறுமனே போய்விட்டு வருவேன்.

விழுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விழாமல் கற்க முடியாது, ஆகவே விழக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னால் விழுந்தால் முட்டிக் காப்பின் மேல் விழுந்து வழுக்குங்கள், கையை ஊன்றித் தாங்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். கீழே இருக்கும்போது விரல்களை மடக்கி வையுங்கள், பக்கத்தில் மற்றவர்களின் பிளேடு போகும். ஒரு முட்டியில் எழுந்து, மற்ற பாதத்தை ஊன்றி, அந்த முட்டியின் மேல் கை வைத்து எழுங்கள். எல்லாக் காப்பும் போட்டுக்கொண்டுதான் பழக வேண்டும், கழுத்துக் காப்பு உட்பட. 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தின்போது ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் என்ற வீரர் உயிரிழந்தார். அதற்குப் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. அவர் பல வருட அனுபவமுள்ள தொழில்முறை ஆட்டக்காரர். பொழுதுபோக்காக ஆடுகிற நமக்கு அது தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எவ்வளவு நேரம் பழகினேன் என்று கேட்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் பொதுமக்கள் ஸ்கேட்டிங் நேரத்தில், ஒரு நாள் அணியோடு. பொது நேரத்தில் முதல் இருபது நிமிடம் விளிம்புகளும் ஒற்றைக் காலும் மட்டும். பிறகு 45 நொடி முழு மூச்சில் ஒரு பயிற்சி, நல்ல ஓய்வு, மறுபடியும். தொடை களைத்து முட்டி நேராகத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். களைத்த காலோடு தொடர்ந்தால் தவறான நிலைதான் பழகும். ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம் விடாப்பிடியாகச் செய்தேன், அதில் எனக்குக் கிடைத்தது இடுப்பு வலி மட்டும்தான்.

போன மாதம் கோச் மறுபடியும் வீடியோ எடுத்தார். நிறுத்திப் பார்த்தேன். வலது காலின் மேல் உடம்பு முழுவதும் இருக்கிறது, இடது கால் பக்கவாட்டில் நீண்டு ஐஸைவிட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறது, அடுத்த ஐந்து ஃபிரேமுக்கு அது இறங்கவே இல்லை. அதே வீடியோவில் கோல் கூண்டுக்குப் பின்னால் நான் இடது பக்கம் திரும்புகிற இடமும் வருகிறது. அங்கே குதிகால்களை ஒன்றையொன்று பார்க்க வைத்துத் திறக்கும் மொஹாக் திருப்பத்தில் இடது கால் இன்னும் அவசரப்படுகிறது. "அதை இந்த வாரம் பலகையைப் பிடிச்சுட்டு, நின்ன இடத்துலயே செய்ங்க" என்றார் கோச். நாளைக் காலை ஏழு மணிக்கு ஸாம்போனி இறங்கும், நான் ஆறே முக்காலுக்கெல்லாம் லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன்.